வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் அது கொலையா?

கேள்வியின் சாரம் இது: 74 வயது அப்பாவுக்கு மூளையில் பெரிய ரத்தக்கசிவு. 19 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. 'இதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது, வேண்டுமானால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்கிறார்கள் டாக்டர்கள். அண்ணன் ஒப்பவில்லை, அம்மா வாயே திறக்கவில்லை. 'மெஷினை எடுக்கச் சொன்னால் பெற்ற பிள்ளைகளே கொன்ற மாதிரி ஆகாதா, சட்டப்படி குற்றமில்லையா' என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் ஒன்று சட்டக் கேள்வி, இன்னொன்று அறக் கேள்வி. நேரடியாகக் கேட்காமல் விட்ட மூன்றாவது ஒன்றும் வரிகளுக்கு நடுவே இருக்கிறது: அப்பாவுடைய உயிர் விஷயத்தில் முடிவு சொல்ல நாங்கள் யார்? எனக்கு அதுதான் மூன்றிலும் பெரியதாகப் படுகிறது. ஐசியூவிலும் மருத்துவ அறநெறிக் குழுவிலும் பல வருடப் பழக்கத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் அப்பாவைப் பரிசோதித்தவனும் இல்லை. ஆகவே அவர் பிழைப்பாரா என்பதற்கு இங்கே பதில் கிடையாது. அந்தக் கேள்வியை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லை ஒதுக்கி வைப்போம். பத்திரிகைகள் இதையெல்லாம் 'கருணைக்கொலை' என்றே எழுதுகின்றன. விஷ ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கும் அதே சொல், பயன் தராத சிகிச்சையை நிறுத்துவதற்கும் அதே சொல். கொலை என்ற தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டு, அதன்மேல் கருணையைப் போர்த்திய சொல் அது. அண்ணனிடம் அந்தச் சொல்லை வைத்துப் பேசத் தொடங்கினால் அவர் 'கொலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்' என்றுதான் சொல்வார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். 'உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வது' என்பது நீளமான பெயர்தான், ஆனால் நடப்பதை அது சரியாகச் சொல்கிறது.

சட்டத்துக்கும் அறத்துக்கும் போவதற்கு முன்னால் அப்பாவின் நிலை என்ன என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் நிலைகள் பல உண்டு. மூளைச்சாவு என்றால் மூளைத்தண்டே செயலிழந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது, தொண்டையில் சளி உறிஞ்சும்போது இருமல் வராது, வென்டிலேட்டரைக் கழற்றிப் பரிசோதித்தால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் ஏறினாலும் சுயமூச்சு எழாது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட்டால்தான் அது உறுதியாகும். அப்பா இருமுகிறார் என்றாலோ, வென்டிலேட்டரில் இடையிடையே தானே மூச்சிழுக்கிறார் என்றாலோ அது மூளைச்சாவு இல்லை, ஆழ்ந்த நினைவிழப்பு. அது சில வாரங்களில், கண் மட்டும் திறந்து மூடும், ஆனால் சுற்றம் உணராத நிலையாக மாறலாம். அடிபடாமல் வந்த மூளைப் பாதிப்பில் அந்த நிலை நிலைத்துவிட்டது என்று சொல்லவே வழக்கமாக மூன்று மாதம் பொறுக்கிறார்கள். ஆகவே 19ஆம் நாளில் 'இனி ஒருபோதும் நினைவு வராது' என்று யாராவது நூற்றுக்கு நூறு சொன்னால் அது கைவசமுள்ள ஆதாரத்தை மீறிய பேச்சு. 'நினைவு வர வாய்ப்பு மிகக் குறைவு, வந்தாலும் பிறர் துணையில்லாமல் எதுவும் செய்ய முடியாது' என்று சொன்னால் அது பெரும்பாலும் நேர்மையான பேச்சு.

மூளை ரத்தக்கசிவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கசிவின் அளவு 30 மில்லிலிட்டருக்கு மேலா, மூளையின் உள்ளறைகளுக்குள் ரத்தம் போயிருக்கிறதா, மூளைத்தண்டுப் பக்கமா, நினைவு எந்த அளவில் இருந்தது, வயது 80ஐத் தாண்டியதா என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. 'மதிப்பெண் மோசம்' என்று முதல் நாளே சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறந்துபோவார், இறந்ததும் கணிப்பு பலித்துவிட்டதாகப் பேச்சு வரும். தன்னைத் தானே பலிக்கச் செய்துகொள்ளும் கணிப்பு அது. அதனால்தான் மருத்துவமனையில் சேர்த்த இரண்டாவது முழுநாள் முடியும்வரை புதிதாகச் சிகிச்சைக் கட்டுப்பாடு எதையும் எழுத வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டல்கள் சொல்கின்றன. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. மயக்க மருந்து நிறுத்தி எத்தனை நாளாகிறது? ரத்தத்தில் சோடியம் உப்பும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின் அளவுகளும் சரியாக இருக்கின்றனவா? காய்ச்சல் இருக்கிறதா? வெளியே தெரியாத வலிப்பு ஓடுகிறதா என்று ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்தார்களா? மறுபடி சிடி ஸ்கேன் எடுத்து மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தார்களா? நீர் கோத்திருந்தால் குழாய் வைத்து வடிக்க வழி உண்டு. இவை ஒவ்வொன்றும் நினைவை அடக்கி வைக்கும், திருத்தவும் கூடும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் நிலை மாறவில்லை என்றால்தான் அடுத்த பேச்சுக்கு அடித்தளம் உண்டு. நரம்பியல் மருத்துவர் இன்னொருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் அவமானமாக நினைக்க மாட்டார்.

இனி அறக் கேள்வி. வென்டிலேட்டரை வைக்காமலே விட்டிருந்தால் மனசு இவ்வளவு உறுத்தாது, வைத்ததை எடுப்பதுதான் கொல்வது போல இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். டாக்டர்களில் பாதிப்பேருக்கும் அதே உணர்வுதான். உணர்வு உண்மை. ஆனால் அதன்மேல் ஒரு விதியைக் கட்டினால் அது நிற்பதில்லை. 'ஒருமுறை வைத்தால் எடுக்கவே கூடாது' என்று விதி இருந்தால் என்ன நடக்கும்? சந்தேகமுள்ள நோயாளிக்கு வைக்கவே தயங்குவார்கள். பிழைக்க 10 சதவீத வாய்ப்புள்ளவருக்கும் அந்தப் பத்துச் சதவீதம் கிடைக்காமல் போய்விடும். வைத்துப் பார்த்து, உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, பயனில்லை என்றால் எடுப்பதில்தான் நோயாளிக்கு நியாயம் அதிகம். வைக்காமல் விட்டபோது நம்மிடம் ஊகம் மட்டும்தான் இருந்தது. எடுக்கும்போது 19 நாள் சாட்சியம் கையில் இருக்கிறது.

'எடுப்பது ஒரு செயல், விடுவது செயலின்மை' என்ற பாகுபாடும் தனியாகப் பாரம் தாங்காது. சொத்துக்காக ஒருவன் இரவில் ஐசியூவுக்குள் நுழைந்து வென்டிலேட்டர் சுவிட்சை அணைத்தால் அது கொலை. அதே சுவிட்சை, குடும்பத்தோடு பேசி, முறைப்படி எழுதி வைத்து, மருத்துவர் அணைத்தால் அது கொலையில்லை. 1993இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஆந்தனி பிளாண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது கோஃப் பிரபு இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துக்காட்டினார். 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் மூளை பாதிக்கப்பட்டுச் சுற்றம் உணராமல் கிடந்த இளைஞர் பிளாண்ட். இரண்டு பேர் கையும் ஒரே அசைவைத்தான் செய்கிறது. அப்படியானால் வேறுபாடு கையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. நான் அதை இப்படிப் புரிந்துவைத்திருக்கிறேன்: ஒருவர் உடம்புக்குள் குழாய் நுழைத்துச் சிகிச்சை செய்ய ஒவ்வொரு நாளும் ஓர் உரிமை வேண்டியிருக்கிறது. அந்த உரிமை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று அவருடைய சம்மதம், மற்றொன்று அதனால் அவருக்குக் கிடைக்கும் நன்மை. இரண்டும் போய்விட்டால், தொடர்கிறவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். நிறுத்துகிறவர் எல்லை மீறவில்லை, எல்லை தாண்டிப் போன சிகிச்சையைத் திரும்ப அழைக்கிறார். சுவிட்சை அணைத்த அந்த அயலானுக்கோ சிகிச்சையைத் தொடரவும் உரிமையில்லை, நிறுத்தவும் உரிமையில்லை.

எண்ணம் என்ன என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் காரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண்ணின் வென்டிலேட்டரை எடுக்க அவருடைய பெற்றோருக்கு அனுமதி கொடுத்தது. எடுத்தார்கள். அவர் இறக்கவில்லை. தானே மூச்சு விட்டபடி, குழாய் வழி உணவோடு 1985வரை இருந்தார். பெற்றோரின் நோக்கம் மகளைக் கொல்வதாக இருந்திருந்தால் அவர்கள் தோற்றுப்போனவர்கள். அந்த இயந்திரத்திலிருந்து மகளை விடுவிப்பதுதான் நோக்கம் என்றால் அது நிறைவேறிவிட்டது, அதற்குமேல் அவர்கள் யாரும் வேறெதுவும் செய்ய முயலவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1992இல் இங்கிலாந்தில் மருத்துவர் நைஜல் காக்ஸ் வழக்கு. வலியில் துடித்த நோயாளிக்கு அவர் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டார். பொட்டாசியம் குளோரைடு வலியைக் குறைக்காது, இதயத்தை நிறுத்தும், அவ்வளவுதான். கருணை இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை, ஆனாலும் கொலை முயற்சி என்று தீர்ப்பானது. 'நோயாளி இதற்குப் பிறகும் உயிரோடிருந்தால் என் செயல் தோற்றதாக ஆகுமா?' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் பதில் 'இல்லை' என்றுதான் வரும் என நினைக்கிறேன். மெஷினை எடுத்தபின் அப்பா தானே மூச்சுவிட்டால் நீங்கள் அழுதுகொண்டே சந்தோஷப்படுவீர்கள்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளைவு ஒன்றாக இருக்கும்போது ஊசி போடுவதற்கும் சிகிச்சையை விலக்குவதற்கும் அறத்தளவில் வேறுபாடே இல்லை என்று வாதிடும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் எளிதில் உடைவதும் இல்லை. தெளிந்த மனதோடு தானே கேட்கும் நோயாளி விஷயத்தில் எனக்கும் முழுத் தெளிவில்லை. ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி தவறு என்று சொல்பவர்களும்கூட பாரமான, பயனற்ற சிகிச்சையை விலக்குவதை ஏற்றிருக்கிறார்கள். 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, அசாதாரணமான சிகிச்சைகளைத் தொடரக் கட்டாயமில்லை என்று வென்டிலேட்டரை வைத்தே விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையைவிடக் கடுமையாக உயிரின் புனிதம் பேசுகிற அமைப்பு அதிகமில்லை.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. 1996இல் கியான் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாகும் உரிமை என்று ஒன்று இல்லை என்றது, ஆனால் கண்ணியமாக வாழும் உரிமையில் இயற்கையான முடிவின் கண்ணியமும் அடங்கும் என்றது. 2011இல், பல ஆண்டுகள் சுற்றம் உணராமல் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்று வழி திறந்தது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகக் கண்ணியமாக இறப்பதை அடிப்படை உரிமையாக ஏற்று, நடைமுறையையும் வகுத்தது. அந்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சுற்றிவளைத்ததாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் குழு அமைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இருந்ததை 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே சுருக்கியது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும்வரை இதுதான் நாட்டின் சட்டம். விஷ ஊசி எந்த நிலையிலும் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றமே, அதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போதுள்ள நடைமுறைப்படி, சிகிச்சை தரும் மருத்துவமனை முதல்நிலை மருத்துவக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். சிகிச்சை தரும் டாக்டரும், அத்துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். சிகிச்சையை விலக்கலாம் என்றால் அதே மருத்துவமனையே இரண்டாம்நிலைக் குழுவைக் கூட்டும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கும் 48 மணி நேரம். அப்பா முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை என்பதால் நெருங்கிய உறவினர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். எல்லாம் முடிந்து சிகிச்சையை விலக்குவதற்கு முன்னால் மருத்துவமனை முதல் வகுப்பு நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். அது தகவல்தான், அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குழு மறுத்தாலோ கருத்து பிளவுபட்டாலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

காகிதத்தில் ஐந்தாறு நாளில் முடிய வேண்டிய இது பெரும்பாலும் நின்றுவிடும் இடம், மாவட்ட அலுவலர் நியமிக்க வேண்டிய அந்த ஒரு மருத்துவர். முன்கூட்டியே பட்டியல் தயாராக இல்லாத மாவட்டத்தில் தனியார் மருத்துவமனை யாரைக் கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைகிறது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென்றே சுற்றறிக்கை வெளியிட்டது. மத்திய சுகாதாரத் துறை 2024இல் வரைவு வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. உங்கள் மருத்துவமனை 'எங்களிடம் அந்த வழக்கமில்லை' என்று சொன்னால் கோபப்படாமல், 2023 தீர்ப்பின்படி குழு அமைக்கக் கோரி நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்த கோரிக்கைக்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

'வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்பதைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டும். நம் ஊரில் சிகிச்சை விலக்கல் என்பது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்கிறோம், விளைவுக்கு நாங்களே பொறுப்பு' என்று குடும்பத்திடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் இறக்கியதும் குழாயை உருவிவிட்டுப் போய்விடுவார். அதன்பின் மூச்சுக்குத் திணறுகிற மனிதரைச் சுற்றி உட்கார்ந்திருப்பது குடும்பம் மட்டுமே. மூச்சுத்திணறலுக்கு ஒரு சொட்டு மார்ஃபின் இல்லை, சளியை உறிஞ்ச ஆளில்லை, அது பத்து நிமிடமா இரண்டு நாளா என்று சொல்லவும் யாருமில்லை. டாக்டர்களே சொன்ன ஆலோசனையை 'ஆலோசனைக்கு மாறாக' என்று எழுதவைப்பது பொய். டாக்டர் தன் பொறுப்பைக் கழற்றி உங்கள் தோளில் மாட்டுகிற காகிதம் அது. குற்ற உணர்வு பிள்ளைகள் மனதில் ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டாக்டர்களுக்கும் பயம் இருக்கிறது, சட்டம் தெளிவாக இல்லாத காலத்தில் வந்த பழக்கம் இது, அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று வழி இருக்கிறது.

உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் விருப்பமாகவோ அம்மாவின் விருப்பமாகவோ இருந்தால் அது மதிக்க வேண்டிய விருப்பம், அதைக் கேவலமாகப் பேசக் கூடாது. முறையாகச் செய்யலாம். இரண்டு குழுக்களின் முடிவும் வந்தபின், துயர் தணிக்கும் ஆதரவு சிகிச்சை மருத்துவர் மார்ஃபினும் தோலுக்கடியில் மருந்து ஏற்றும் சிறு ஊசியும் ஏற்பாடு செய்து, எப்போது எவ்வளவு கொடுப்பது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து, கூப்பிட ஒரு போன் நம்பரோடு அனுப்பினால் அது வேறு வகையான வீடு திரும்பல். டிஸ்சார்ஜ் தாளில் 'ஆலோசனையின்படி, ஆதரவு சிகிச்சைக்காக' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவமனையிலேயே எடுப்பதென்றால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் பயம் குறையும். சில மணி நேரம் முன்பே குழாய் உணவை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் வாந்தி வரும். தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, அதன் விளைவு முழுதும் தீர்ந்துவிட்டது என்று உறுதி செய்ய வேண்டும். இதில் சமரசமே கூடாது, ஏனென்றால் அந்த மருந்து துன்பத்தைக் குறைக்காமல் துன்பத்தின் அடையாளத்தை மட்டும் மறைக்கும், மூச்சையும் நேரடியாக நிறுத்தும். மானிட்டர் சத்தங்களை அணைத்துவிடுவார்கள். மார்ஃபினும், பதற்றத்தைத் தணித்து உறங்கவைக்கும் மிடசோலமும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்கும். ஆக்சிஜனை அறைக்காற்றின் அளவான 21 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் புருவம் சுருங்குகிறதா, மூச்சு வேகமெடுக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ரத்தநாளம் வழியாக மார்ஃபின் 2 மில்லிகிராம் போலக் கொடுத்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பார்கள். அமைதியாக இருக்கிறார் என்று தெரிந்தபின்தான் குழாயை எடுப்பார்கள். தொண்டையில் சளி கரகரப்பது கேட்கிறவர்களை வதைக்கும். அதைக் குறைக்க மருந்து உண்டு. சிலர் நிமிடங்களில் போகிறார்கள், சிலர் நாட்கணக்கில் இருக்கிறார்கள். இன்ன நேரம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, ஆகவே ஊரிலிருந்து வரவேண்டியவர்கள் வந்தபின் தொடங்கச் சொல்லுங்கள். வாயில் பால் விட வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் டம்ளரால் ஊற்றாமல், பஞ்சில் நனைத்து உதட்டை ஈரமாக்கினால் போதும். மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறாது, சடங்கும் குறைபடாது.

'மார்ஃபின்தானே கொல்கிறது' என்று அண்ணன் கேட்கக்கூடும். மூச்சுத்திணறலைப் பார்த்துப் பார்த்துச் சிறிதுசிறிதாகக் கூட்டும் அளவுகள் மரணத்தை விரைவாக்குகின்றன என்பதற்கு நல்ல சான்று இல்லை. நோக்கம் என்ன என்பதை மருந்துக் குறிப்பேடே காட்டிவிடும். அறிகுறி, அளவு, நேரம், அதன் பலன் என்று வரிசையாக எழுதியிருந்தால் அது துயர் தீர்க்கும் சிகிச்சை. துன்பமே இல்லாதவருக்கு ஒரேயடியாகப் பத்து மடங்கு கொடுத்திருந்தால் அது வேறு.

இனி அந்தக் கேட்காத கேள்வி. 'நாங்கள் யார்' என்றால், நீங்கள் நீதிபதிகள் இல்லை, அப்பாவின் குரலைக் கொண்டுவருகிறவர்கள். 'எடுக்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்' என்று டாக்டர் பிள்ளைகளைக் கேட்பது தவறான கேள்வி, யாருமே தாங்க முடியாத கேள்வி. கேட்க வேண்டியது: 'உங்கள் அப்பா ஒரு மணி நேரம் மட்டும் எழுந்து உட்கார்ந்து, தன் நிலையையும் நாங்கள் சொல்வதையும் முழுதாகப் புரிந்துகொண்டால் என்ன சொல்வார்?' பக்கத்து வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தபோது அப்பா என்ன சொன்னார், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பவரா, எப்படியிருந்தாலும் பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பவரா, இதையெல்லாம் அம்மாவிடம் கேளுங்கள். அவர் பேசாமல் இருப்பது கருத்தில்லாததால் இல்லை, யாரும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்காததால் இருக்கலாம். அருணா ஷான்பாக் வழக்கில் மனுப் போட்டவர் ஓர் எழுத்தாளர். நீதிமன்றமோ, 1973இலிருந்து அவரைக் குளிப்பாட்டி உணவூட்டி வந்த மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர்களும் ஊழியர்களும்தான் அவர் சார்பில் பேசத் தகுந்தவர்கள் என்றது. அவர்கள் வேண்டாம் என்றார்கள், அருணா 2015இல் நிமோனியாவில் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். கூட இருந்து அறிந்தவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

அண்ணன் ஒப்பாதபோது கையெழுத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். கால வரையறையுள்ள சோதனை என்று ஒரு வழி உண்டு. இன்னும் 5 அல்லது 7 நாள் முழுச் சிகிச்சையும் தொடரும். அதற்குள் எது நடந்தால் முன்னேற்றம் என்று முதலிலேயே எழுதிக்கொள்வது. சொன்னதைக் கேட்டுக் கண் திறக்கிறாரா, கையை அசைக்கிறாரா, வென்டிலேட்டர் உதவி பாதியாகக் குறைகிறதா என்பது போல. ஏழாம் நாள் எல்லோரும் மறுபடி உட்காருவது. பலமுறை அண்ணனைப் போன்றவர்கள் கேட்பது இன்னும் சில நாள் மட்டும்தான். 19ஆம் நாள் என்பதால் கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமி பேச்சும் வந்திருக்கும், வழக்கமாகப் பத்துப் பதினான்கு நாளுக்கு மேல் வாய்க்குழாயை வைத்திருப்பதில்லை. அதற்குச் சம்மதம் கேட்கும்போதுதான் பெரிய கேள்வியையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தத் துளை மாதக்கணக்கான பயணத்துக்கு டிக்கெட்.

பணத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும். பணம் தீர்ந்துபோவதை நினைப்பது பாவமில்லை. அப்பாவே அதை நினைத்திருப்பார். தவறு எங்கே வருகிறதென்றால், பணப் பிரச்சினைக்கு 'மருத்துவம் கைவிட்டது' என்று பெயர் சூட்டும்போது. பிழைக்கக்கூடியவரைப் பணத்துக்காக விலக்குவது வேறு கதை. அப்படியானால் அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது, காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று பார்ப்பது முதலில். இரண்டையும் தனித்தனியே பேசுங்கள்: பணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் இந்தச் சிகிச்சை அப்பாவுக்கு நல்லதா? அதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் பணம் மனதை உறுத்தத் தேவையில்லை.

இரண்டு குழு, எழுத்து, தகவல் என்று சட்டம் இத்தனை கதவுகள் வைத்திருப்பதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கவும் முடியாது. விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் பற்றி நமக்குத் தெரியும். அங்கே முதியவரை யாரும் கேட்பதில்லை, சிகிச்சை தோற்றதா என்று யாரும் பார்ப்பதில்லை, 'அவருக்கே நல்லது' என்ற வாக்கியம் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பேச வேண்டியதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான் என்பதால்தான் வெளியாள் கண்கள் ஆறு தேவைப்படுகின்றன. சக்கர நாற்காலியில் வாழ்வது, பேச்சிழந்து வாழ்வது என்பதையெல்லாம் நலமாக இருப்பவர்கள் தாங்க முடியாததாகவே கற்பனை செய்கிறார்கள். அப்படி வாழ்கிறவர்களில் பலர் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்பாவுக்கு எதிர்பார்ப்பது அந்த அளவு மீட்சி என்றால் என் பதில் முழுதும் மாறிவிடும்.

இந்தத் திண்டாட்டம் உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டாம் என்றால், நீங்கள் முன் மருத்துவ உத்தரவு எழுதி வைக்கலாம். 18 வயது முடிந்து, தெளிந்த மனதோடு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். உங்கள் சார்பில் பேச ஒருவரையோ ஒன்றுக்கு மேற்பட்டவரையோ பெயர் சொல்லி எழுதலாம். நகலை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் ஒப்படைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். 'கஷ்டப்படுத்தாதீர்கள்' என்று பொதுவாக எழுதினால் ஐசியூ டாக்டருக்கு உதவாது. எந்த நிலையில், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதுங்கள். 2017 மனநலச் சட்டத்திலும் முன் உத்தரவு என்று ஒன்று உண்டு. அது மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டுமே, இதற்குப் பயன்படாது.

கடைசியாக ஒரு காகித விஷயம். அப்பா கீழே விழுந்து தலையில் அடிபட்டதாக அட்மிஷன் குறிப்பில் இருந்தால் இது போலீஸ் தகவலுள்ள கேஸ். எந்த வழியில் சிகிச்சையை விலக்கினாலும் இறந்தபின் பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலைத் தர மாட்டார்கள், வீட்டில் இறந்தால் இன்னும் சிக்கல், ஆகவே இதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தக்கொதிப்பால் வந்த கசிவு என்றால் அந்தத் தொல்லை இல்லை. மருத்துவமனை மரணங்களுக்கு டாக்டர் நிரப்பும் படிவம் 4இல் மரணத்துக்கு அடிப்படைக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். வென்டிலேட்டரை எடுத்தபின் இறந்தாலும் அங்கே எழுதப்படுவது மூளை ரத்தக்கசிவு என்பதுதான். அண்ணனிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள்.